ராமேஸ்வரம் மெயின் ரோடு, ரவுண்டானா: அமாவாசையன்று வந்து பார்த்துவிட்டு வரைபடத்தை முடிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
ரவுண்டானா பகுதிக் கடைக்காரர்கள், குடியிருப்போர், ஆட்டோ ஓட்டுநர்கள், மீன் விற்கும் பெண்கள் சார்பாக, அதே முக்கில் ஜெராக்ஸ் கடை நடத்துபவர்
(பெயர், முகவரி, கையெழுத்துகள் தனித்தாளில் உள்ளன)
ராமேஸ்வரம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ராமநாதபுரம்.

பொருள்: மெயின் ரோட்டையும் ரவுண்டானாவையும் மாற்றி அமைக்கும் முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது, சரியான நாட்களில் ஆள்களையும் வண்டிகளையும் எண்ணுவது, கட்டுவதற்கு முன் தரையில் கோடு போட்டு ஓட்டிப் பார்ப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேருந்து நிலையத்திலிருந்து கோயில் பக்கம் வரும் மெயின் ரோட்டை அகலப்படுத்தி, நடுவில் மீடியன் போட்டு, துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் வண்டிகள் பிரிகிற எங்கள் முக்கில் நிரந்தரமாக ஒரு ரவுண்டானா கட்டப் போவதாக ஊரில் பேச்சு அடிபடுகிறது. உண்மையானால் எங்களுக்குச் சந்தோஷம்தான். இப்போது இருப்பது நாலு தார் டிரம், அதற்குள் மணல், மேலே ஒரு சிவப்புத் துணி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் துணி பறந்துவிடும். டிரம் மட்டும் நிற்கும். ராத்திரியில் வெளியூர் வேன்காரருக்கு அது தெரியாது.

ஆகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டுவதற்கு முன் எங்களைக் கேளுங்கள், கேட்பதையும் சரியான நாளில் வந்து கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மனு.

நாளைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், ரோடு போடும் முன் வண்டிகளை எண்ணுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோடு கிழித்துக்கொண்டிருப்பார், அல்லது கம்பத்தில் கேமரா கட்டுவார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் எத்தனை அடி ரோடு, எத்தனை அடி நடைபாதை என்று முடிவாகும். மற்ற ஊர்களில் ஏதோ ஒரு வாரத்தை எடுத்து எண்ணினால் ஓரளவு சரியாக வரலாம். எங்கள் தீவில் அது நடக்காது. இங்கே ரோடு இரண்டு காலண்டருக்குக் கட்டுப்பட்டது. ஒன்று கோயில் காலண்டர், இன்னொன்று கடல் காலண்டர்.

கடலை முதலில் சொல்கிறேன். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரை திரும்பும். செவ்வாய், வியாழன், ஞாயிறு விடிகாலையில் ஐஸ் வண்டி, மீன் வண்டி, லோடு ஆட்டோ, இறால் எடுக்க வருகிற கம்பெனி வேன் எல்லாம் இந்த முக்கில்தான் திரும்ப வேண்டும். மீன் வண்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தக் கோட்டின் மேல் டூவீலர் வழுக்குவதை மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கடையிலிருந்து பார்க்கிறேன். இதே இடத்தில் வெள்ளிக்கிழமை காலையில் வந்து எண்ணினால் ஒன்றும் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால் துறைமுகம் என்ற ஒன்று இந்த ஊரில் இருப்பதே கணக்கில் வராது. அதே மே மாதத்தில் பள்ளி விடுமுறைக் கூட்டம் வேறு. அப்போது எடுக்கும் கணக்கு, இது வெறும் சுற்றுலா ஊர் என்று சொல்லும்.

அப்புறம் கோயில். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றுக்கும் எவ்வளவு கூட்டம் வரும் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கார்த்திகை தொடங்கினால் ஐயப்ப பக்தர்கள், அது தை வரைக்கும் ஓடும். இதில் ரயிலையும் சேர்க்க வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்ற பிறகு, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கும் வரை வண்டிகள் தீவுக்குள் வராமல் மண்டபம், ராமநாதபுரத்தோடு நின்றன. அந்த இரண்டே கால் வருடத்தில் யாராவது இங்கே கணக்கு எடுத்திருந்தால், தயவுசெய்து அந்தத் தாளைக் குப்பையில் போட்டுவிடச் சொல்லுங்கள். ரயிலிலிருந்து இறங்கி மூட்டையோடு நடந்து வருகிற ஒருத்தர்கூட அதில் இருக்க மாட்டார்.

நடந்து வருகிறவர்கள்தான் இந்த மனுவின் விஷயமே, ஐயா.

போன தை அமாவாசையன்று காலை ஐந்து மணி இருக்கும். அன்று ராத்திரி கடையைச் சாத்தவே இல்லை, டீயும் சேர்த்துப் போடுவோம். வடநாட்டுப் பாட்டிகள் எட்டுப் பேர், ஒருவர் முந்தானையை அடுத்தவர் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள். கூட்டத்தில் ஆள் தொலைந்துவிடக் கூடாது என்று அவர்கள் ஊர் வழக்கம். ரவுண்டானாவின் வாயில் வந்து நின்றார்கள். ஐந்து நிமிடம் நின்றார்கள், ஒரு வண்டியும் வேகத்தைக் குறைக்கவில்லை. சரி என்று முதல் பாட்டி காலை எடுத்து வைத்தார். நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவில் ஒரு டூரிஸ்ட் வேன் மூக்கை நுழைத்தது. முடிச்சு அவிழவில்லை. அதனால் ஐந்தாவது பாட்டி முழங்கால் தேய விழுந்தார். நான் தண்ணீர் கொண்டு ஓடினேன். வேனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்காலில் மணலைத் தட்டிவிட்டு, "மந்திர்?" என்று என்னிடம் வழி கேட்டார்.

வேன் ஓட்டியவர் மேலும் முழுப் பழி சொல்ல முடியாது. வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, நுழைகிறவர் நின்றுதான் நுழைய வேண்டும் என்ற விதியை ஞாபகப்படுத்த இங்கே ஒரு பலகை கிடையாது, தரையில் ஒரு கோடு கிடையாது. நடந்து கடப்பவருக்கு நடுவில் கால் ஊன்ற ஓர் அடி இடமும் கிடையாது.

இன்னொருவர் எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா. முப்பது வருடமாகத் தலையில் அன்னக்கூடை சுமக்கிறவர். இந்த மனுவில் கைநாட்டு வைக்க வந்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தலையில கூடை இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது தம்பி. காதாலதான் இத்தனை வருசமா ரோட்டக் கடந்தேன். இப்ப இந்த பேட்டரி ஆட்டோ வந்துருச்சு, சத்தமே இல்ல. பின்னால வந்து நின்னாத்தான் தெரியுது." புகை இல்லாத வண்டி நல்லதுதான், நாங்களே வரவேற்கிறோம். ஆனால் காதால் கடக்கிறவருக்கும் சேர்த்துத்தானே ரோடு.

ஆகவே எங்கள் யோசனைகள். நாங்கள் இன்ஜினியர் இல்லை. கடையில் பிளான் காப்பி எடுக்க வருகிறவர்களிடம் கேட்டும், இங்கே உட்கார்ந்து பார்த்தும் தெரிந்துகொண்டவை.

வட்டத்தைப் பெரிதாக்க வேண்டாம். பெரிய வட்டம் அழகாக இருக்கும், ஆனால் வேன்காரர் ஸ்டியரிங்கை அதிகம் ஒடிக்காமல் வேகமாகவே சுற்றிவிடுவார். சிறிய வட்டம், ஒரே ஒரு தடம், நுழையும் இடம் குறுகலாக இருந்தால் தானாக பிரேக்கில் கால் போகும். பஸ் எப்படித் திரும்பும் என்று கேட்பார்கள். நடுத்திட்டைச் சுற்றிக் நாலு விரல் உயரம்கூட இல்லாத ஒரு கல்வளையம் பதித்தால், நீளமான பஸ்ஸின் பின்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கித் திரும்பிவிடும். சிறிய வண்டிகள் குலுங்கும் என்று அதைத் தொடாது.

நடந்து கடக்கும் இடம் வட்டத்தின் வாயில் இருக்கக் கூடாது. ஒரு வேன் நீளம் தள்ளி இருக்க வேண்டும். அப்போது நுழையக் காத்திருக்கும் முதல் வண்டிக்குப் பின்னால் ஆட்கள் கடப்பார்கள். நடுவில் மீடியனை அறுத்து, எட்டுப் பாட்டிகள் முடிச்சோடு நிற்கிற அகலத்துக்கு ஒரு திட்டு வேண்டும். பாதி ரோட்டைக் கடந்து, அங்கே நின்று, மறுபாதியைப் பார்த்துக் கடக்க முடிந்தால் எங்களுக்குப் போதும்.

நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கரைக்கல் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இந்திய சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதத்தில், தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சொல்லியிருக்கிறது. இதில் எங்கள் ஊருக்கென்று ஒன்று சேர்க்க வேண்டும்: இங்கே பாதிப் பேர் வெறுங்காலோடு, ஈரத்துணியோடு நடக்கிறார்கள். வழவழ டைல்ஸ் போட்டால் விடிகாலையில் வழுக்கும். கறுப்புக் கல் போட்டால் பதினொரு மணிக்குமேல் கால் வைக்க முடியாது. மேற்பரப்பு சொரசொரப்பான, வெளிர் நிறக் கல்லாக இருக்கட்டும். வெறுங்காலில் நடந்து பார்த்துவிட்டுக் கல்லைத் தேர்வு செய்தால் இன்னும் நல்லது.

மீடியனுக்கும் நடைபாதைக்கும் மரம் வைக்கும்போது, படத்தில் அழகாகத் தெரிகிற அலங்காரப் பனை வேண்டாம். அது நிழலும் தராது, நுங்கும் தராது. உப்புக்காற்றைத் தாங்கிக் குடை பிடிக்கிற பூவரசு, புங்கை, வேம்பு போதும். பூவரசுக் கொம்பை ஒடித்து நட்டாலே எங்கள் பக்கம் துளிர்த்துவிடும்.

உப்புக்காற்று என்றதும் இரும்பும் ஞாபகம் வருகிறது. புதிய பாம்பன் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள். ரோட்டோரக் கம்பித் தடுப்புக்கு மட்டும் சாதாரண பைப்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்குள் உரிந்து, பிள்ளைகள் கையைக் கிழிக்கும். கம்பியே இல்லாமல் குட்டைக் கல்தூண் நட்டாலும் சரி.

மழை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. என் கடைக்குள் முழங்கால் தண்ணீர், கீழ்த்தட்டுக் காகிதம் முழுவதும் கூழாகிவிட்டது. அதற்கு மழை மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ரோடு உயர்ந்து கடைகள் பள்ளமாகிவிட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. இந்த வேலையில் அது நடக்கிறதா என்பதை அளந்து பார்க்க, எங்கள் கடை வாசற்படியில் இன்றைய ரோடு மட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறோம்.

நடுவட்டத்தில் என்ன வைப்பது என்பதில் ஊருக்குள் ஏற்கெனவே மூன்று கட்சி. ஃபவுன்டன் என்கிறார் ஒருவர்; குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற தீவில் அது பார்க்க நன்றாக இருக்காது. ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் வைத்து ஃபோட்டோ எடுக்க இடம் விடலாம் என்கிறார் இன்னொருவர். ஃபோட்டோ எடுக்க ஆட்கள் வண்டிகளுக்கு நடுவே ஓடுவார்கள், தயவுசெய்து வேண்டாம். மூன்றாவது, கலாம் ஐயாவுக்குச் சிலை. அவர் மேல் எங்களுக்கு இல்லாத பாசமா? பேய்க்கரும்பில் 2017 முதல் நினைவகம் இருக்கிறது, வருகிறவர்கள் அங்கே போய்க் கும்பிடுகிறார்கள். பொதுச்சாலையில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டதையும் படித்திருக்கிறோம். சின்ன வயதில் இந்தத் தெருக்களில் நடந்து பேப்பர் போட்டவர் அவர். இன்றைக்கு அதே வேலையைச் செய்கிற பையன் எங்கள் முக்கைக் கடக்க சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். வட்டத்தில் புல்லும் தாழ்ந்த செடியும் போதும். எதிர்ப்பக்கம் வருகிற வண்டி தெரிய வேண்டும்.

சங்கு, பாசி, பனங்கிழங்கு விற்கிறவர்களை வேலை தொடங்கும் நாளில் ஒட்டுமொத்தமாகக் கிளப்பிவிடக் கூடாது. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுத்து, வரைபடத்திலேயே அவர்களுக்கு இடம் குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் அவர்கள் நடைபாதையில் உட்காருவார்கள், நடப்பவர்கள் ரோட்டில் இறங்குவார்கள், மறுபடி இதே மனுவை எழுத வேண்டியிருக்கும்.

கடைசியாக எங்கள் முக்கியக் கோரிக்கை. வீடு கட்டும்போது மனையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அறை போதுமா என்று வீட்டுப் பெண்களை உள்ளே நிற்க வைத்துப் பார்ப்போம். இந்த ரோட்டுக்கும் அதையே செய்யுங்கள். வரைபடத்தில் இருப்பதை அதே அளவில் தரையில் சுண்ணாம்பால் வரைந்து, வட்டத்துக்கு மணல் மூட்டை அடுக்கி, ஒரு பதினைந்து நாள் வண்டிகளை ஓட விடுங்கள். அதில் ஓர் அமாவாசையும், படகு கரை திரும்பும் செவ்வாய், வியாழன், ஞாயிறும் வரட்டும். தவறு தெரிந்தால் மூட்டையை நகர்த்திக்கொள்ளலாம். கான்கிரீட்டை நகர்த்த முடியாது. நெடுஞ்சாலை, நகராட்சி, மின்வாரியம், போக்குவரத்துக் காவல், மீன்வளத்துறை ஆகிய ஐந்து துறை அதிகாரிகளும் அந்த நாட்களில் ஒன்றாக வந்து நின்று பார்க்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் அலுவலக ஹாலில் பகல் பதினொரு மணிக்கு வைக்காமல், இந்த முக்கிலேயே, மீன் வியாபாரம் முடிந்த சாயங்காலத்தில், தமிழில் எழுதிய வரைபடத்தோடு வைக்க வேண்டும்.

எண்ண வருகிறவர்கள் உட்கார என் கடை மாடி இருக்கிறது. மூன்று சாலையும் அங்கிருந்து தெரியும். ராத்திரிக்கு லைட்டும், விடிகிற வரை டீயும் எங்கள் பொறுப்பு. எந்த அமாவாசைக்கு என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரவுண்டானா பகுதி மக்கள் சார்பாக,
ஜெராக்ஸ் கடைக்காரர்
ராமேஸ்வரம்.

இணைப்பு: கையெழுத்து மற்றும் கைநாட்டுத் தாள்கள், கடை வாசற்படியில் குறித்த ரோடு மட்டத்தின் ஃபோட்டோ.
நகல்: நகராட்சி ஆணையாளர், ராமேஸ்வரம்.