விவாதத் தலைப்பைத் திருப்பித் தாருங்கள்: வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களுக்கும் விவாதப் போட்டிக் குழுவில் உள்ள ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். உயர்தர மாணவர்களின் அரையிறுதிக்கு "பாசிசத்தை வன்முறையால் மட்டுமே தோற்கடிக்க முடியும்" என்ற தலைப்பைத் தெரிவுசெய்தது உங்கள் குழுதான். சுற்றறிக்கையில் உங்கள் கையொப்பமும் இருந்தது. போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அதிபர்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. தலைப்பு மாறிவிட்டதாம், இனி "கைப்பேசி மாணவருக்கு நன்மையே" என்பதுதான் தலைப்பாம். காரணம் கேட்டவர்களுக்கு "மேலிடம்" என்று பதில் வந்தது. எந்த மேலிடம், எத்தனையாம் மாடி என்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தத் தலைப்பைத் திருப்பித் தாருங்கள்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பின்னேரங்களில் எங்கள் ஊர் வாசிகசாலையில் பிள்ளைகளை விவாதத்துக்குப் பழக்குகிறேன். எங்கள் அணிக்கு எதிர்த்தரப்பு கிடைத்தது. அணித் தலைவி ஒரு சி.ஆர். கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். 1920 மார்ச்சில் பெர்லினை வலதுசாரிப் படையினர் பிடித்தபோது தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்ததும், தண்ணீரும் மின்சாரமும் நின்றதும், பல அரச ஊழியர்கள் ஒத்துழைக்க மறுத்ததும், சில நாட்களிலேயே அந்தச் சதி கலைந்துபோனதும் அதில் இருந்தன. தன் தரப்புக்கு எதிரான சான்றுகளையும் சிவப்பு மையால் எழுதியிருந்தாள். 1924 இல் மத்தியோத்தி என்ற உறுப்பினர் இத்தாலிய நாடாளுமன்றத்தில் பாசிசத் தலைவர் முசோலினிக்கு எதிராகப் பேசினார். பதினொரு நாட்களில் கடத்திக் கொன்றார்கள். எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்தன. முசோலினிக்கு அது வசதியாகப் போய்விட்டது. "இதைச் சொல்லி மடக்கினால் என்ன பதில் சொல்வது, சேர்?" என்று கேட்பாள். இப்படிக் கேட்கிற பிள்ளை ஒரு வாத்தியாருக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் என்பது உங்களுக்கே விளங்கும். நீங்களும் ஒருகாலத்தில் வகுப்பறையில் நின்றவர்தானே.

தலைப்பு மாறுவதற்கு இரண்டு நாள் முன்னர் அவள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். யார் என்று சொல்லவில்லை. பிள்ளை என்ன படிக்கிறாள், யார் சொல்லிக் கொடுக்கிறார், தகப்பன் எங்கே என்று விசாரித்தார்கள். அந்தத் தகப்பனை 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்த தாயிடம்தான் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டார்கள். அவர்கள் அதட்டவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் குடித்தார்களாம். அன்றிரவு தாய் கொப்பியை அடுப்புக்குள் வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படங்களையும் கடிதங்களையும் கிழித்தும் புதைத்தும் எரித்தும் விட்டு வந்த சனம் நாங்கள். ஒரு கடதாசித் துண்டு ஆளைக் கொண்டுபோய்விடும் என்பதை இங்கே யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிள்ளை அழவும் இல்லை. அடுத்த நாள் வந்து, கைப்பேசித் தலைப்புக்கு என்ன எழுதலாம் என்று கேட்டாள். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஐயா, அவளுடைய வீட்டு முகவரியும் தாயின் பெயரும் இருந்த போட்டி விண்ணப்பத்துக்கு இரண்டே பிரதிகள். ஒன்று அதிபரின் அலுமாரியில் பூட்டியபடி இருக்கிறது. மற்றது உங்கள் அலுவலகத்துக்கு வந்தது. இதற்கு மேல் நான் எழுதவில்லை.

தலைப்பு ஏன் பயமுறுத்துகிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. இந்தத் தீவில் எல்லோரும் எல்லோரையும் பாசிஸ்ட் என்று ஏசி முடித்துவிட்டார்கள். அரசை ஏசினார்கள், இயக்கத்தை ஏசினார்கள், இயக்கங்கள் ஒன்றையொன்று ஏசின. மேடையில் ஒரு பிள்ளை இத்தாலி என்று தொடங்கி எங்கே போய் முடிப்பாளோ என்பது உங்கள் கவலை. நியாயம்தான். ஆனால் தரம் 11 வரலாற்றுப் புத்தகத்தில் உலகப் போர்கள் பற்றிய பாடம் இருக்கிறது, பரீட்சையில் அதற்குப் புள்ளியும் உண்டு. எழுதினால் புள்ளி, பேசினால் விசாரணையா?

கேள்வியும் லேசான கேள்வி அல்ல. எதிரணி வலுவாகவே வாதாடும். ஹிட்லரின் படையை வேலைநிறுத்தம் உடைக்கவில்லை, போர்தான் உடைத்தது. சோவியத் நாடு மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேரைக் கொடுத்தது. அதை மறைத்துவிட்டு அகிம்சை பேசினால் நானே புள்ளி போடமாட்டேன். ஆனால் அந்த இடத்துக்குப் போவதற்கு முன் என்ன நடந்தது? 1932 நவம்பர் ஜேர்மன் தேர்தலில் ஹிட்லரின் நாசிக் கட்சிக்கு 196 ஆசனங்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100, கூட்டினால் 221. அவர்கள் கூட்டவில்லை. ஒருவரையொருவர் பெரிய எதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். (எங்கள் தமிழ்க் கட்சிகள் இதைப் படித்தால் யாரைப் பற்றி என்று கேட்கமாட்டார்கள் என நினைக்கிறேன்.) 1933 பெப்ரவரியில் ஜேர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசரச் சட்டம் வந்து பேச்சுரிமையையும் கூட்டம் கூடும் உரிமையையும் நிறுத்தியது. நாசி ஆட்சி முடியும்வரை அது நீங்கவில்லை. ஒரு தீ வைப்பு எத்தனை வசதியைச் செய்து கொடுத்தது என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு என்று 1979 இல் வந்து, 1982 இல் நிரந்தரமான சட்டம் ஒன்று எங்களிடமும் உண்டு. அதன் பெயரைச் சொல்லித் தலைப்பை இன்னும் சிக்கலாக்க விரும்பவில்லை.

இங்கேயும் இரண்டு வழியையும் முயன்று பார்த்தாயிற்று. 1961 இல் எங்கள் சனம் கச்சேரிகளின் (மாவட்ட அரச அலுவலகங்களின்) முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், அவசரகாலச் சட்டத்தோடு இராணுவம் வந்து கலைத்தது. பிறகு ஆயுதம். அது எங்கே முடிந்தது என்று வன்னியில் இருந்துகொண்டு நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. அப்புறமும் 2017 இல் பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாமின் வாசலில், வெயிலிலும் பனியிலும் குழந்தைகளோடு இருந்து தங்கள் காணியைத் திரும்ப வாங்கினார்கள். 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் கடற்படையின் அனுமதிக்குக் காத்திருந்து அலுத்து, தாங்களே படகேறிப் போய்த் தங்கள் தீவில் இறங்கினார்கள். ஆனால் அதே 2017 இல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. ஏன் ஒன்று வென்றது, மற்றது வெல்லவில்லை? கொழும்பில் குளிர் அறையில் இருந்து ஆராய்ச்சி செய்கிறவர்களைவிட இதைக் கதைக்க உரிமை உள்ள பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். அவர்களுக்குத்தான் கைப்பேசி நன்மையா தீமையா என்று கொடுத்திருக்கிறீர்கள். நல்ல தலைப்புத்தான். எந்த இராணுவ முகாமில் இருந்தும் அழைப்பு வராது.

என்னுடைய அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாசிசம் தன் படையால் மட்டும் ஆள்வதில்லை. கோப்பில் கையெழுத்து வைக்கிறவர், பெயர்ப்பட்டியல் தயாரிக்கிறவர், வகுப்பெடுக்கிறவர் எல்லோரும் சொன்னதைச் செய்தால்தான் அது நடக்கும். நோர்வேயில் 1942 இல் ஜேர்மனியரின் கையாளான குவிஸ்லிங் ஆசிரியர்கள் எல்லோரும் தன் சங்கத்தில் சேர வேண்டும் என்று கட்டளையிட்டார். பெரும்பாலான ஆசிரியர்கள் முடியாது என்று தனித்தனியாகக் கடிதம் எழுதினார்கள். ஏறத்தாழ 1,100 பேரைக் கைது செய்து, ஐந்நூறு பேரளவில் வடக்கு முனையில் உள்ள கிர்கனெஸுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அங்கே கட்டாய வேலை. அப்படியிருந்தும் பணியவில்லை, அந்த வருட முடிவுக்குள் வீட்டுக்கு விட வேண்டியதாயிற்று. நாட்டை மீட்க 1945 வரை போர் தேவைப்பட்டது உண்மை. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது அந்தக் கடிதங்கள்.

உங்களை யாரும் கப்பலில் ஏறச் சொல்லவில்லை ஐயா. அழைத்தவரிடம் "இதை எழுத்தில் தாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது, இடமாற்றப் பயம் இருக்கிறது, எனக்கு விளங்குகிறது. ஆகவே பணிவாகவே கேட்கிறேன். தலைப்பைத் திருப்பித் தாருங்கள். அரையிறுதியைத் தள்ளிப்போட வேண்டுமானால் போடுங்கள், பிள்ளைகள் காத்திருப்பார்கள். இரு தரப்பும் பேசட்டும். விரும்புகிற அதிகாரிகளும் வந்து முன்வரிசையில் இருந்து கேட்கட்டும், ஒளித்துக் கதைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. மாணவர்களின் முகவரிகள் இனி அலுவலகத்தை விட்டு வெளியே போகாது என்றும் எழுதித் தாருங்கள். அந்தத் தாய் அதைப் பார்க்காமல் பிள்ளையை மேடைக்கு விடமாட்டார். கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் போதும், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
வன்னி.