ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி

அம்பாசமுத்திரம்
ஜூன் 14

அன்புள்ள சரோ,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் பேரன் புராணம்தான். படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து "ஆச்சி, ண்ணி" என்று கேட்கிறான். கொடுத்தால் விடிவதற்குள் டயப்பர் நிரம்பி வழிகிறது. கொடுக்காவிட்டால் வீடே விழித்துக்கொள்ளும்படி அழுகிறான். மருமகள், "கொடுக்காதீங்க அத்தை, பழக்கமாயிடும்" என்கிறாள். நீ அவள் கண்ணயர்ந்த பிறகு ஒளித்துக் கொடுக்கிறாய். 32 வருஷம் நர்ஸாக இருந்தவள் நீயே சொல் என்று கேட்டிருக்கிறாய்.

கொடு சரோ. ஒளிக்காமலே கொடு. பச்சைப் பிள்ளை தாகம் என்று வாய்விட்டுக் கேட்கும்போது இல்லை என்று சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. நம்மைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடம்பிலிருந்து தண்ணீர் சீக்கிரம் போய்விடும். எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோலின் பரப்பு அதிகம், மூச்சும் வேகம். அதிலும் நீ இருப்பது சென்னை. மின்விசிறிக் காற்றில் வேர்வை காய்ந்துபோவதே தெரியாது. ஏசி போட்டால் தொண்டை வறண்டுவிடும். ஆனால் எதைக் கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம், எவ்வளவு கேட்கிறான் என்ற மூன்றிலும்தான் சங்கதி இருக்கிறது. உன் மருமகள் பயப்படுவதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தை அவளிடமும் காட்டு.

முதலில் உன் கடிதத்தில் போகிற போக்கில் நீ எழுதியிருந்த ஒரு வரி. "தூங்கும்போது பால் பாட்டில் வாயில் இருந்தால்தான் அடங்குவான், சீனி கொஞ்சம் தூக்கலாகப் போடணும்" என்று. அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

என் மூத்தவனை உனக்கு நினைவிருக்கும். அவன் பிறந்த சமயத்தில் எனக்கு மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. வீட்டில் அவனைத் தூங்கவைக்க அத்தை சீனிப்பால் பாட்டிலை வாயில் வைத்துவிடுவார்கள். அது அவர்கள் காலத்துப் பாசம், நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அப்போது அதில் கெடுதல் இருப்பது தெரியாது. இரண்டு வயதில் மேல் வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. பால் கறை என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. ஆறே மாதத்தில் அது பழுப்பாகி, அப்புறம் கறுத்து, நாலு பல்லும் வேர் மட்டும் மிஞ்சியது. எல்லாவற்றையும் எடுக்கவேண்டியதாயிற்று. ஏழு வயதில் புதுப்பல் முளைக்கும்வரை எடுத்த எந்தப் போட்டோவிலும் அவன் வாயைத் திறந்து சிரிக்கவில்லை. ஆல்பத்தைப் புரட்டும்போது இன்றைக்கும் அந்த மூடின உதடுதான் முதலில் என் கண்ணில் படும்.

தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும் சரோ. பகலில் பல்லைக் கழுவிக்கொண்டே இருப்பது அந்த எச்சில்தான். ராத்திரி அது இல்லாத நேரத்தில் இனிப்பு பல்லிலேயே தங்கினால் கிருமிகள் அதைத் தின்று அமிலம் ஆக்கிப் பல்லை அரித்துவிடும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றும், மேல்பல்தான் அகப்பட்டுக்கொள்ளும். சீனி போடாத பாலிலும் சர்க்கரை இருக்கிறது. ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர் எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். பல் துலக்கிவிட்ட பிறகு பிள்ளை வாய்க்குள் போகலாம் என்றால் அது வெறும் தண்ணீர் ஒன்றுதான்.

பாட்டிலை ஒரே ராத்திரியில் பிடுங்கினால் அழுது தீர்த்துவிடுவான், வேண்டாம். இன்றைக்கே சீனியை நிறுத்து. அப்புறம் பாலில் முதலில் கால் பங்கு தண்ணீர், இரண்டு நாள் கழித்து அரைப் பங்கு என்று தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வா. பத்து நாளில் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். பாதிப் பிள்ளைகளுக்கு அதில் ருசி இல்லை என்று தெரிந்து அவர்களே தள்ளிவிடுவார்கள். ஒன்றரை வயதுக்குள் பாட்டில் போய்த் தம்ளர் வந்திருக்கவேண்டும். உன் பேரன் கொஞ்சம் பிந்திவிட்டான், அவ்வளவுதான். பாலும் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் இருக்கட்டும். அதற்குமேல் போனால் வயிறு பாலிலேயே நிறைந்து சோறு இறங்காது. பாலில் இரும்புச்சத்து கிடையாது என்றே சொல்லலாம். பிள்ளை கொழுகொழுவென்று இருப்பான், ரத்தம் இருக்காது.

தண்ணீர் கொடுக்கும்போது எழுப்பி உட்காரவைத்துக் கொடு. படுத்தவாக்கில் கொடுத்தால் புரையேறும். பாலாக இருந்தால் காதுக்கும் ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவசமாக இருக்கும். நாலைந்து மடக்கு போதும். அவன் வாயை எடுத்தால் மேற்கொண்டு ஊட்டாதே. விளக்கைப் போடாதே, கொஞ்சாதே, பேச்சுக் கொடுக்காதே. பழக்கமாகிவிடும் என்று மருமகள் பயப்படுவது இங்கேதான். ரெண்டு மணிக்கு எழுந்தால் ஆச்சி மடியும் பாட்டும் கிடைக்கும் என்று தெரிந்தால் தாகம் இல்லாமலும் எழுந்திருப்பான். வெறும் தண்ணீரும் இருட்டும்தான் என்றால் தாகம் எடுத்தால் மட்டும் எழுவான்.

தண்ணீர், கொதி வந்து ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கேன் தண்ணீர்தானே என்று விடாதே. மூடிவைத்த எவர்சில்வர் செம்பிலிருந்து ஊற்றிக் கொடு. அவன் வாய் வைத்த தம்ளரில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடு. பள்ளிக்கூடத்து மண்பானையில் நாம் அத்தனை பேரும் ஒரே தம்ளரை முக்கி முக்கிக் குடித்தோமே, அதே வருஷம் பாதி வகுப்பு மஞ்சள் காமாலையில் படுத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

டயப்பர் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி தாகத்தைப் பகலிலேயே பாதி தீர்த்துவிடலாம். காலையிலிருந்து சாயங்காலம்வரை விளையாட்டுக்கு நடுவில் அடிக்கடி இரண்டு மடக்கு கொடு. ராத்திரிச் சாப்பாட்டில் அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் வேண்டாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்து, படுக்கப்போகும்போது ஒரு தடவை ஒன்றுக்குப் போகவை. அதன்பிறகும் நனைத்தால் நனைக்கட்டும். ராத்திரியில் சிறுநீரைக் குறைக்கச் சொல்லி மூளை ஒரு ஹார்மோனை அனுப்பும். சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பழகியிருக்காது. ஐந்து வயதுவரை படுக்கையை நனைப்பதை டாக்டர்கள் நோயாகவே பார்ப்பதில்லை. டயப்பர் மிச்சமாகும் என்பதற்காகத் தாகத்தை அடக்காதீர்கள்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. நான் வேலையில் இருந்தபோது மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வாரமாக ராத்திரியில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்திருக்கிறது, நிமிடத்துக்கு நிமிடம் ஒன்றுக்குப் போயிருக்கிறது. வெயில் சூடு என்று வெளியே எங்கேயோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் கேட்டேன், பிள்ளை ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று. அந்த அம்மா முகம் மாறிப்போயிற்று. "ஆமாக்கா, பாயிலகூட மொய்க்குது, இனிப்பு ஏதாவது சிந்தியிருக்கும்னு நினைச்சேன்" என்றாள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தோம், சர்க்கரை மீட்டர் காட்டும் அளவையே தாண்டியிருந்தது. பிள்ளை அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அன்றைக்குக் காப்பாற்றிவிட்டோம். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் எப்படியோ. பிள்ளைகளுக்கும் சர்க்கரை நோய் வரும், அது இன்சுலின் இல்லாமல் அடங்காத வகை.

உன் பேரன் நாலு மடக்கில் திரும்பித் தூங்கிவிடுகிறான் என்று எழுதியிருக்கிறாய், எடையும் ஏறுகிறது. அதனால் பயப்படாதே. ஆனால் குடித்தும் குடித்தும் தாகம் அடங்காமல், ஒன்றுக்குப் போவதும் கூடி, உடம்பு இளைத்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. வயிற்றுப்போக்கு வந்தால் வெறும் தண்ணீர் போதாது, ஓஆர்எஸ் கரைசலை ராத்திரியிலும் எழுப்பி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கவேண்டும். எட்டு மணி நேரம் ஒன்றுக்கே போகாவிட்டாலும் உடனே டாக்டரிடம் ஓடு.

உன் தங்கை பேத்திக்கு மூன்று மாதம் என்றாயே, அவளுக்கு இந்தக் கடிதத்தில் எதுவும் பொருந்தாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், ராத்திரியானாலும் பகலானாலும், கத்திரி வெயிலானாலும். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்குமேல் தண்ணீர்தான். பாலாடையில் தண்ணீர் புகட்டினால் அந்தப் பிஞ்சுச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்பே வரலாம். நாக்கு வறண்டுபோச்சு என்று யாராவது பெரியவர்கள் சொன்னால், அம்மாவை இன்னொரு தடவை பால் கொடுக்கச் சொல்.

இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். எனக்கு முழங்கால் வலி, மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்ப்பதோடு சரி. அண்ணனைக் கேட்டதாகச் சொல். என் தம்பி மகன் அடுத்த வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வருகிறான். அவனிடம் ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளர் கொடுத்துவிடுகிறேன், இரண்டு கைப்பிடி வைத்தது. என் மூத்தவனுக்குப் பாட்டிலை நிறுத்தியபிறகு வாங்கினது.

ஒன்று மட்டும் எனக்குப் பார்த்து எழுது. அவன் நன்றாகத் தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா, குறட்டை விடுகிறானா? சளி இல்லாத நாளில் பார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்று ஒரு சதை உண்டு, அது வீங்கியிருந்தால் பிள்ளை வாயால் மூச்சு விடும், தொண்டை காய்ந்து தண்ணீர் கேட்கும். அப்படி இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம். இன்றைக்கு ராத்திரியே பார்த்துவிடு. உன் பதிலுக்காகக் காத்திருப்பேன்.

உன்,
கமலா