பெயர் போட வேண்டாம் என்ற ஹார்ப் கலைஞருக்கு

முதலில் நல்ல செய்தி. என்னுடைய ஆர்கெஸ்ட்ரா படைப்பை அடுத்த சீசனில் மேடையேற்றப் போகிறார்கள், அதோடு புதிதாக ஒன்று எழுதித் தரும்படியும் கேட்டிருக்கிறார்கள். வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்தப் பதிவு ஒரே ஒருவருக்காக. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர் ஹார்ப் வாசிப்பவர்; விரல்களால் மீட்டும் பெரிய கம்பி வாத்தியம் அது. பெரிய கச்சேரி ஹார்ப்பில் 47 கம்பிகள், 7 பெடல்கள். இடது காலுக்கு மூன்று, வலது காலுக்கு நான்கு. ஒரு பெடலை நகர்த்தினால் அந்தச் சுரத்துக்குரிய எல்லாக் கம்பிகளின் சுருதியும் சேர்ந்து மாறிவிடும். பியானோவை வைத்தே யோசித்துப் பழகியவர்களுக்கு இது தனி உலகம். ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்தக் கால் நகர வேண்டும் என்று வரி வரியாகப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். நடுவில் ஒரே சுரம் வேகமாகத் திரும்பத் திரும்ப வரும் இடம் ஒன்று உண்டு. "சி சுரத்தை ஃப்ளாட்டில், அதாவது அரைச் சுரம் கீழே வைங்க, பக்கத்து பி கம்பியும் அதே சுரம்தான் தரும், ரெண்டையும் மாத்தி மாத்தி மீட்டலாம்" என்று சொல்லி உடனே வாசித்தும் காட்டினார். அப்பா, என்ன ஒரு மினுமினுப்பு! தேர்வுக் குழுவினர் தனியாக எடுத்துச் சொல்லிப் பாராட்டியது அந்த இடத்தைத்தான்.

இவ்வளவுக்கும் ஒரு காபிகூட வாங்கிக்கொள்ளவில்லை.

சரி, புதிய படைப்பில் ஹார்ப்புக்கு ஒரு நீண்ட தனிப் பகுதி எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பிரதி உங்களுக்குத்தான் வரும். ரொம்ப நன்றிங்க.