கேசட்டைப் பிழைக்க வைத்த அண்ணனுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் பழைய ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அந்த அண்ணனுக்கு (பேரைப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்) எங்கள் சபையார் எல்லார் சார்பிலும் பெரிய நன்றி. மறைந்த எங்கள் போதகர் ஐயா பாடிய கீர்த்தனைக் கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன, ஒன்றில் நாடாவே அறுந்துபோயிருந்தது. அண்ணன் கூட்டைத் திறந்து, நாடாவைப் பஞ்சால் துடைத்து, அறுந்த முனைகளைச் சரியாக வெட்டி ஒட்டி, எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். காசு? வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

ஐயா பாதிப் பிரசங்கத்தை ஆர்மோனியத்திலேயே முடித்துவிடுவார்! ஜெர்மன் மெட்டில் வரும் பாமாலைகளையும் விடமாட்டார், ஆனாலும் மனசெல்லாம் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரிடம்தான். 1774இல் பிறந்து, ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு பழகி, கர்நாடக ராகத்தில் கிறிஸ்தவப் பாட்டு கட்டியவர் அல்லவா. தமிழ் வாசிக்கத் தெரியாத இங்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து, வரிவரியாகப் பாட வைப்பார் ஐயா. அந்தப் பயிற்சியும் இந்தக் கேசட்டுகளில் இருக்கிறது.

அப்புறம் அண்ணே, தாளம் தப்பிய தபேலாக்காரரை ஐயா நடுப்பாட்டில் அதட்டுவதை அழிக்காமல் விட்டீர்களே, அதற்குத் தனி நன்றி.