வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நூலகத்துக்கு ஓடு மாற்றியதால் பாதிக் கூட்டங்களை ரைஸ்மில் களத்தில் நடத்தினோம். சம்பா நடவு மாதத்தில் கூட்டம் இல்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

ஆண்டு முழுக்கப் பேசியது பயன்பாட்டுவாதம். இங்கிலாந்துத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலின் சாரம் இது: ஒரு செயல் சரியா தவறா என்பதை, அதனால் விளையும் இன்ப துன்பங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் பண்ணையாருக்கும் ஒன்று, பண்ணையாளுக்கும் ஒன்று. ஆடுமாடும் உள்ளே வரும். அதற்கு யோசிக்கத் தெரியுமா என்பதல்ல, வலிக்குமா என்பதே அவர் கேள்வி. இந்த இடத்தில் பால்காரர் ரொம்ப நேரம் பேசினார்.

அடுத்து வந்த ஜான் ஸ்டூவர்ட் மில், எல்லா இன்பமும் ஒரே தரமல்ல என்றார். அவர் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர் என்றதும், "கம்பெனிக்காரனா நம்ம நன்மையைக் கணக்குப் போட்டான்?" என்று ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்விதான்.

மார்கழிக் கூட்டம் நள்ளிரவு வரை போனது. முறைத் தண்ணீர், அதாவது பகுதி பகுதியாக முறைவைத்து, விட்டிருந்த சமயம். மேட்டூர் அணையை மூட ஜனவரி 28 வரை நாள் இருந்தும், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை. தலைமடை உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இருக்கிற தண்ணியை எல்லாருக்கும் பிரிச்சா எங்கேயும் பயிர் தேறாது. தலைமடைக்கு மட்டும் விட்டா நெல்லாவது மிஞ்சும். பெந்தாம் கணக்கும் அதுதானே?" என்றார். நான் கடைமடை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதனால் அடுத்த கால்மணி நேரத்துக்குக் குறிப்பு கிடையாது.

பதில் சொன்னவர் ஓய்வுபெற்ற லஸ்கர் (மதகு திறந்து மூடும் ஊழியர்) அண்ணன். ஈரம் காயாத வயலுக்கு இன்னொரு தண்ணீர் விட்டால் கூடுவது கொஞ்சம். கதிர் வரும் நேரத்தில் வெடித்துக் கிடக்கும் வயலுக்கு ஒரு தண்ணீர் விட்டால் மொத்த வெள்ளாமையும் பிழைக்கும். ஆக, அதே கணக்கு எங்கள் பக்கமும் சாயும். அப்புறம், ஒருமுறை முறையை மீறினால் மறுநாள் ராத்திரி ஊரே மடையை உடைக்கும் என்றார். ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக எடைபோடாமல், எந்த விதியைக் கடைப்பிடித்தால் நன்மை கூடும் என்று பார்ப்பவர்கள் பயன்பாட்டுவாதத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதை அண்ணன் படித்தவரல்ல, மடை திறந்தவர்.

ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்தியது. 1971இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் எழுப்பிய ஆட்சேபம் அது: மனிதர்கள் தனித்தனி ஆட்கள், ஒருவர் நட்டத்தை இன்னொருவர் லாபத்தில் கழித்துவிட முடியுமா? "சரி, விளைஞ்சதுல பங்கு தர்றோம்" என்றார் தலைமடைக்காரர். எழுதித் தரச் சொன்னேன். சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு பேசப்போவது ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். சந்தா பாக்கி தலைமடையைவிடக் கடைமடையில்தான் அதிகம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்