கல்லுக்குள் இருக்கும் கரி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் அரசின் ஆலோசனைக் குழுவில் நீ தொடர்வது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம்; சிமெண்ட் ஆலைச் சோதனைக்கூடத்தில் எனக்கு இது கடைசி ஆண்டு.

கரியமில வாயு உமிழ்வுக்கு விதிக்கும் கார்பன் வரியை உயர்த்தினால் தொழிற்சாலைகள் தாமாகவே வழிக்கு வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நார்வே 1991-இல் அந்த வரியை விதித்ததால்தான், வடகடலின் ஸ்லெய்ப்னர் வயலில் எரிவாயுவிலிருந்து பிரித்தெடுத்த கரியமில வாயுவை வானில் விடாமல், 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் என்ற அளவில் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். ஆனால் அங்கே வரி நிலைத்து நின்றது. ஆஸ்திரேலியாவில் 2012-இல் வந்த கார்பன் விலை 2014-இலேயே நீக்கப்பட்டது. ஒரு சிமெண்ட் சூளையைக் கட்டினால் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும். இரண்டே ஆண்டில் மாறிவிடும் சட்டத்தை நம்பி யார் முதலீடு செய்வார்?

மீதிப் பாதி, வரியால் மட்டும் தீராதது. பயிற்சிக்கு வரும் இளைஞர்களை நான் முதலில் ஒரு சிறு சோதனை செய்யச் சொல்வேன். தூய சுண்ணாம்புக்கல் தூள் 10 கிராமை மூசையில் இட்டு, 950 பாகை செல்சியஸில் நன்றாகச் சுட்டு, ஆறிய பின் மீண்டும் நிறுக்க வேண்டும். தராசு 5.6 கிராம் காட்டும். குறைந்த 4.4 கிராமும் கரியமில வாயு. அது எரிபொருளிலிருந்து வந்ததன்று, கல்லுக்குள்ளேயே இருந்தது. உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டினுடையது. அதிலும் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வெளியேறுவதுதான். சிமெண்ட் சூளைக்குத் தேவையான 1,450 பாகைச் சூட்டை நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் கொடுத்தாலும் இந்தப் பங்கு குறையாது. அதைப் பிடித்துப் புதைக்கலாம். நார்வேயின் பிரெவிக் ஆலையில் 2025-இல் அந்த வேலை தொடங்கிவிட்டது, ஆயினும் அங்கும் ஆலையின் உமிழ்வில் சுமார் பாதியைத்தான் பிடிக்க முடிகிறது.

ஆகவே, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும், சிமெண்டின் முதன்மைப் பொருளான கிளிங்கரையே குறைப்பதுதான் இன்றே செய்யக்கூடியது என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலும் இரும்பு உலைக் கசடும் நெடுங்காலமாகக் கலக்கப்படுகின்றன. ஆனால் நிலக்கரி மின்நிலையங்களும் பழைய ஊதுலைகளும் மூடப்பட மூடப்பட, நல்லதுதான் என்றாலும், அவை கிடைப்பதும் அருகும். சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சேர்த்தால் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கலாம், உமிழ்வு சுமார் 40 விழுக்காடு குறையும். களிமண்ணுக்கு 800 பாகை அளவுச் சூடே போதும், அதற்குள் சுண்ணாம்புக்கல்லைப்போல் கரியும் இல்லை.

பிறகு ஏன் பரவவில்லை என்று கேட்பாய். தடை பெரும்பாலும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இருக்கிறது. பாலம், சாலை, அணை என்று சிமெண்டை மிகுதியாக வாங்குவது அரசுதான். அந்த அரசின் விதிகளோ கான்கிரீட் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சொல்லி நிறுத்தாமல், எந்தச் சிமெண்ட், ஒரு கனமீட்டருக்குக் குறைந்தது எத்தனை கிலோ என்றும் பல இடங்களில் கட்டளையிடுகின்றன. கலப்புச் சிமெண்டுகள் பல தொடக்கத்தில் மெதுவாக இறுகுவதால் கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுப் பலகைகளைப் பிரிக்கத் தாமதமாகும் என்ற ஒப்பந்தக்காரர்களின் கவலை நியாயமானது. அதற்குரிய நாள்களைக் கால அட்டவணையில் சேர்த்துக் கொடுப்பது அரசின் கையில் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் வரி விகிதத்தோடு கொள்முதல் விதியையும் எடுத்துப் பேசு. கலப்புச் சிமெண்டுகளின் 28 நாள், 90 நாள் வலிமைச் சோதனை முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. குழுவுக்கு வேண்டுமானால் எழுது, படியெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்