இல்லாத காலில் வலி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள முருகா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம்.

மனசு வேறு, உடம்பு வேறு என்று அடித்துச் சொல்கிறாய். கூட்டைத் தனியே விட்டுவிட்டுப் பறவை பறந்துபோகிற 338ஆம் குறளையும் துணைக்கு அழைக்கிறாய். அப்பாவோடு இருக்கும் எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

சர்க்கரை நோயால் அவருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது உனக்குத் தெரியும். நடுராத்திரியில் எழுப்பி, "கட்டைவிரல் மடங்கிக்கிச்சு, நிமிர மாட்டேங்குது, நீவி விடுடா" என்பார். போர்வையை விலக்கினால் அந்த இடத்தில் வெறும் மெத்தை. பிசியோதெரபி செய்கிற பெண் ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, வலது கால் இருந்த இடத்தில் இடது காலின் பிம்பம் தெரியும்படி வைத்தாள். இடது விரல்களை மெல்ல விரிக்கச் சொன்னாள். அப்பா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு விரித்தார். கொஞ்ச நேரத்தில், "விட்டுடுச்சும்மா" என்றார். எல்லா நாளும் பலன் இருப்பதில்லை. இருக்கிற நாளில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

1990களில் இந்த முறையைக் கொண்டுவந்தவர், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். காலை எடுத்தாலும் அந்தக் காலுக்கென்று மூளையில் இருக்கிற இடம் அழிந்துபோவதில்லையாம்.

காலே இல்லாமல் வலிக்கிறதே, அப்போது வலி மனசுக்குத்தானே என்று நீ மடக்குவாய். பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தும் உன் கட்சிதான். கை, கால் இழந்தவர்களுக்கு வரும் இந்த வலியைப் பற்றி 1641லேயே எழுதியிருக்கிறார். 1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் போட்டு ஒரே கேள்வி கேட்டாள்: உடம்பே இல்லாத ஆன்மா உடம்பை எப்படி அசைக்கும்? அவர் பதில் எழுதினார், அவளுக்குத் திருப்தி வரவில்லை, எனக்கும்தான். மனசு தனிப்பொருள் என்றால், ஒரு கண்ணாடித் துண்டு அதன் வலியை எப்படி அவிழ்க்கிறது?

இதனால் மனசு சின்னதாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கட்டைவிரலுக்காக அப்பா படுகிற பாடு உண்மை. அது அவர் உடம்பிலேயே நடக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

உனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது மயக்க மருந்து கொடுத்தார்களே, அந்த நேரம் முழுக்க உன் மனசு எங்கே போயிருந்தது? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

அன்புடன்,
சேகர்